பார்க்காத சாவுக்குச் சாட்சி

புதுச்சேரிப் பக்கம், பிரெஞ்சுக்காரர் வகுத்த ஊராட்சியான எங்கள் கொம்யூனில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவனிடம் கையெழுத்துக் கேட்டுப் போகாதே, அரை நாள் வீணாகும் என்பார்கள். உண்மைதான். என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது மச்சான் வந்து பிறப்பைப் பதியச் சாட்சியாக என்னை மேரி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். குழந்தையைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். தீட்டு வீடு, பத்து நாள் போகட்டும் என்றார்கள். அப்படியானால் பத்து நாள் கழித்துப் போடுகிறேன் என்றேன். பிரெஞ்சுக்காரர் சட்டம் அதுவரை பொறுக்காது. மச்சான் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். எப்படி வாழ வேண்டும் என்று பிறருக்குச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் எனக்கென்று மூன்று நாலு விதிகள் இருக்கின்றன. அவற்றை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. ஆனி மாதக் கடைசியில் மூன்று நாட்களில் நான் செய்ததிலிருந்தும் செய்யாததிலிருந்தும் வந்தவை அவை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மேரிக்கு எதிரே ஒரு பாயின் பலசரக்குக் கடையில் நிறுவையாளாக இருந்தேன். மேரி என்பது கொம்யூனின் அலுவலகம். பிறப்பு, சாவு, கல்யாணம் எதுவானாலும் அங்கே போய்ப் பெரிய பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுவதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். எங்களுக்கு நேரில் தெரியும் என்று அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

கிராமத்திலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் கைநாட்டுக்காரர்கள். அதனால் மேரி குமாஸ்தா ஜன்னல் வழியாகக் கையைத் தட்டுவார். பாயும் நானும் தெருவைக் கடந்து போவோம். பாய் அரபு எழுத்துப் போல வளைத்து ஒரு கையெழுத்துப் போடுவார். நான் பிரெஞ்சு எழுத்தில் என் பெயரை முழுதாக எழுதுவேன். கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுப்பேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு நன்றாக வந்தது அது ஒன்றுதான். பேசத் தெரியாத எனக்கு அந்தக் கோடு ஒரு பெருமை. ஆறு வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் பிறந்ததற்கும் எத்தனை பேர் செத்ததற்கும் நான் சாட்சி ஆனேன் என்று எனக்கே தெரியாது. அவர்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. யாரும் பார்ப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பாதியில் விட்ட புளியை நிறுப்பேன்.

ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுக்காரரின் பெரிய கொண்டாட்டம். பதின்மூன்றாம் தேதி மதியத்தோடு மேரியைப் பூட்டினால் பதினாறாம் தேதி காலையில்தான் திறப்பார்கள். இடையில் யாராவது செத்தால் தொல்லைதான். மேரியின் சீட்டு இல்லாமல் பிணத்தை எடுக்கக் கூடாது. ஆனி வெயிலில் பிணம் மூன்று நாள் தாங்காது. இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் யாராவது இழுத்துக்கொண்டிருந்தால் நாடி பார்க்கிறவரைக் கூப்பிடுவார்கள். அவர் இன்று தாண்டாது என்று சொல்லிவிட்டால், மேரி மூடுவதற்கு முன்பே போய் இறந்துவிட்டதாக எழுதி, சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பும் இப்படி நடக்கும். மழைக்கு முன் விறகை உள்ளே எடுத்து வைப்பது போலத்தான் அதை நினைத்தார்கள். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. அதுவரை அப்படி எழுதப்பட்டவர்கள் எல்லோரும் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பதின்மூன்றாம் தேதி காலை பதினொரு மணி இருக்கும். மேரி வாசலில் மூன்று வண்ணக் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா ஜன்னலில் கையைத் தட்டினார். உள்ளே ஏரி மதகுக்காரரின் மகன் நின்றுகொண்டிருந்தான். மதகுக்காரர் எங்கள் ஏரியிலிருந்து எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்துத் திறந்து விடுகிறவர். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மகன் வீட்டில் இருந்தார். வாரம் ஒரு முறை கடைக்குச் சுருட்டு வாங்க வருவார். நான் பேசமாட்டேன் என்பதால் எனக்கு ஊமையன் என்று பெயர் வைத்திருந்தார். "ஏ ஊமையா, நல்ல சுருட்டா எடு. போன வாரம் குடுத்தது வைக்கோலு" என்று சத்தம் போடுவார். எனக்கு அவர் மேல் கோபம் வந்ததில்லை. என்னைத் தேடிப் பேசுகிற வெகு சிலரில் அவர் ஒருவர்.

"எப்பப்பா ஆச்சி?" என்று குமாஸ்தா கேட்டார்.

"விடியக்காலம், முசியே."

"விடியக்காலம்னா? மணி சொல்லு."

மகன் ஒரு நிமிஷம் யோசித்தான். "நாலுன்னு போட்டுக்குங்க."

போட்டுக்குங்க என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. பாயின் காதிலும் விழுந்திருக்கும். குமாஸ்தா புதுச்சேரிக்குப் போக மாட்டுவண்டி பூட்டச் சொல்லிவிட்டு அவசரத்தில் இருந்தார். "வாங்க பாய், சுருக்கா போடுங்க. டேய், நீயும் வா" என்றார். பாய் போட்டார். நான் போட்டேன். கோட்டையும் இழுத்தேன். மகன் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடையில் கோடித்துணியும் சாம்பிராணியும் கற்பூரமும் எண்ணெயும் எடுத்து வைக்கச் சொன்னான். தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று என்னைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனான்.

வெயில் தாழ்ந்த பிறகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் நடந்தேன். ஏரியில் தண்ணீர் இல்லை. வெடித்த மண்ணில் ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. மதகுக்காரர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பச்சை மூங்கிலை வெட்டிப் பாடை கட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வா தம்பி, வா. சாமானெல்லாம் வந்துடுச்சி. ஆளுதான் இன்னும் கெளம்பல."

நான் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உள்ளே கூடத்தில் மதகுக்காரரைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கிணற்றுச் சகடை உருளுவது போல ஒரு சத்தம் வந்தது.

மகன் என் தலையிலிருந்து மூட்டையை இறக்கினான். "நாடி வுட்டுப்போச்சின்னு சொன்னாரு. பொழுது சாயறதுக்குள்ள ஆயிடும்" என்றான். அவன் குரலில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடிக்கப் பார்க்கிறவனின் களைப்புத்தான் இருந்தது.

நான் திரும்பும்போது மதகுக்காரர் கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஊமையா" என்றார். பிறகு, "தண்ணி."

பானை இரண்டு எட்டில் இருந்தது. மேலே சொம்பு கவிழ்த்திருந்தது. நான் அசைந்ததும் மகன் கையை நீட்டித் தடுத்தான். "குடுக்காத. நெஞ்சு பூரா சளி. தண்ணி எறங்குனா அப்டியே அடைச்சிக்கும்னாரு." சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மதகுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொம்பைப் பார்த்தேன். பிறகு வெளியே வந்துவிட்டேன்.

கரை மேல் நடக்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. இவர் பிழைத்துக்கொண்டால்? பொய் எழுதியதற்கு மகன் உள்ளே போவான். பொய்ச் சாட்சிக்குப் பாயும் நானும் போவோம். என் அம்மாவை யார் பார்ப்பார்கள்? நடக்க நடக்க, கடவுளே, சீக்கிரம், சீக்கிரம் என்று மனம் சொல்லிக்கொண்டே வந்தது. எதைச் சீக்கிரம் என்கிறேன் என்று கொஞ்ச தூரம் வரை நான் கவனிக்கவில்லை. கவனித்ததும் நின்றுவிட்டேன். ஒரு மனிதர் சாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர் அல்ல. எனக்குக் கெட்ட புத்தி இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். கெட்டது செய்ய எனக்கு வாய்ப்பு வந்ததில்லை, அவ்வளவுதான்.

கடைக்கு வந்தபோது பாய் தொழுகைக்குக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாய், அவரு இன்னும் சாவல" என்றேன்.

"யாரு?" என்றார். பிறகு அவருக்கே புரிந்தது. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தம்பி, காலையில பாக்காமத்தானே போட்டோம்? இப்பவும் பாக்காதவனாவே இரு. எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க."

"அவரு தண்ணி கேட்டாரு பாய்."

அன்று அவர் தொழுகையிலிருந்து எழுந்திருக்க வெகு நேரம் ஆனது.

பதினாலாம் தேதி பொழுது விடிந்ததும் யாராவது வந்து சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. கடை அடைப்பு. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பத்து மணிக்கு மறுபடியும் கரையேறிப் போனேன்.

பாடை கட்டி முடித்துச் சுவரில் சாய்த்திருந்தது. வெயிலில் மூங்கில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. நேற்று இருந்ததைவிடக் கூட்டம் அதிகம். யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. மழை வருமா, கரும்பு வெட்டு எப்போது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்ற இடங்களில் உள்ளேயிருந்து அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. எல்லோரும் ஒரு நிமிஷம் அதைக் கேட்டுவிட்டு மறுபடி பேசுவார்கள். எதிர்பார்த்த வண்டி வராத இடத்தில் காத்திருக்கிறவர்களைப் போல அவர்கள் முகத்தில் ஒரு எரிச்சல் இருந்தது.

அப்போது தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. மதகுக்காரரின் மகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கூட நாலு பெண்களோடு மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். அவளை எல்லைக்கு அப்பால் இங்கிலீஷ்காரன் சீமையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நாலு மைல்தான். முந்தின நாளே அண்ணன் சாவுச் செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறான். "என்னப் பெத்த ராசா, என்ன வுட்டுட்டுப் போனியே" என்று அவள் கூடத்தில் போய் விழுந்தாள்.

மதகுக்காரர் தலையைத் தூக்கினார்.

"யாருடி செத்தது?" என்றார்.

ஒப்பாரி பாதியில் நின்றது. பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மகள் அவர் முகத்தைத் தடவிப் பார்த்தாள், மார்பில் காதை வைத்தாள். பிறகு எழுந்து நேராகப் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டாள். அண்ணன் தடுக்க வந்தான். "கிட்ட வந்த, சொம்பாலயே மண்டைய ஒடைப்பேன்" என்றாள். வாய் வாயாக ஊட்டினாள். பாதி வழிந்தது. பாதி இறங்கியது. அடைக்கவில்லை. கால் நாழிகையில் அவர் கண்ணில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"டாக்டர இட்டாங்கடா" என்று மகள் கத்தினாள். கொம்யூனில் சர்க்கார் டாக்டர் ஒருவர் இருந்தார். மேரிக்குப் பின்னால் அவர் வைத்தியசாலை.

யாரும் அசையவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் பொறும்மா. மேரியில எழுதி சீட்டு வாங்கியாச்சி. இப்ப டாக்டரு வந்து பாத்தா உங்கண்ணன் கைக்கு வெலங்குதான்."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "சீட்டுல செத்துட்டா ஆளும் சாவணுமா?" என்றாள்.

"அப்டி யாரு சொன்னா? நாடியில்லன்னு..."

"இங்கதானே அவரு செத்துட்டாரு? எங்க ஊருல எங்கப்பன் சாவலடா! நான் இட்டுக்கினு போறேன். வண்டி குடுங்கடா எவனாவது."

ஒருவரும் வண்டி கொடுக்கவில்லை. எல்லையில் சாவடிக்காரன் கேட்பான், பெயர் சொல்ல வேண்டி வரும். மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தன் வீட்டு மாடுகள் கரும்பு ஏற்றப் போயிருக்கின்றன, இரவுக்குத்தான் திரும்பும், நேரில் போய்க் கேட்டால்தான் வண்டி தருவார்கள், விடிந்ததும் வண்டியோடு வருகிறேன் என்றாள். பிறகு அண்ணனிடம், "சாட்சி போட்டது எவன்?" என்று கேட்டாள்.

அவன் என்னைக் காட்டினான்.

"நீ பாத்தியா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"அப்ப நீயே போயி டாக்டராண்ட சொல்லு. பாக்காம போட்டுட்டேன், ஆளு உசுரோட இருக்குறாருன்னு. நான் காலையில வர்றவரைக்கும் அவரு ஒரு தடவ வந்து பாத்தா போதும். செய்வியா?"

செய்கிறேன் என்று தலையை ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

மேரி முன்னால் பந்தல் போட்டுக் கொடி ஏற்றியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பிரெஞ்சுப் பாட்டுப் பாடி மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருபுறம் வழுக்குமரம் ஏறுகிறார்கள். மேடையில் நாற்காலிகள். கொம்யூன் தலைவரான மேர் நடுவில், பக்கத்தில் டாக்டர், கையில் கண்ணாடிக் குவளை. எனக்கும் அவருக்கும் முப்பது அடிதான். நடுவில் ஊரே உட்கார்ந்திருந்தது. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பாட்டு முடியட்டும் என்றேன். அடுத்த ஆட்டம் முடியட்டும் என்றேன். மூன்று தடவை மேடைப் படி வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை சிவப்புத் தொப்பி போட்ட சிப்பாய் கேட்டான்: "இன்னாடா வோணும் உனக்கு?"

"ஒன்னுமில்ல" என்றேன்.

ஜெயிலுக்குப் பயந்து அப்படிச் சொன்னதாக நான் பிறகு எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. அந்த நேரத்தில் ஜெயில் என் நினைவில் இல்லை. அத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம் ஒன்றுதான் இருந்தது. ஒரு உயிருக்கும் என் கூச்சத்துக்கும் நடுவில் நின்றபோது நான் கூச்சத்தின் பக்கம் போனேன். இருட்டுவதற்கு முன் டாக்டர் மேரோடு மோட்டாரில் ஏறிப் புதுச்சேரி வேடிக்கைக்குப் போய்விட்டார். காலையில் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

காலையில் சொன்னேன். டாக்டர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். என் குரல் எழும்பாததால் அவர் இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டார். மூன்றாம் தடவை அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். திட்டினார். பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். நான் பின்னால் ஓடினேன்.

மதகுக்காரர் வீட்டு வாசலில் சாணித் தண்ணீர் தெளித்திருந்தது. சுவரில் சாய்த்திருந்த பாடையைக் காணோம். பந்தலின் ஒரு பக்கத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மகன் மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் உட்கார்ந்திருந்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் புகை தெரிந்தது.

"எப்போது?" என்று டாக்டர் கேட்டார்.

"விடியறதுக்கு முன்ன, முசியே. உடனே எடுத்துட்டோம். வெயிலு தாங்காது."

"யார் பார்த்தது?"

நேற்று வாசல் கொள்ளாமல் இருந்தவர்களில் பாதிப் பேர்கூட இல்லை. இருந்தவர்கள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகன் இடுப்பிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். டாக்டர் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ பார்த்ததாக எழுதியிருக்கிறதே."

"நான் பாக்கல" என்றேன். இந்தத் தடவை எப்படியோ சத்தமாக வந்துவிட்டது. கிணற்றடியில் இருந்த பெண்கள்கூடத் திரும்பினார்கள். "நான் முந்தாநேத்து சாயங்காலம் பாத்தப்ப உயிரோட இருந்தாரு. தண்ணி கேட்டாரு. நேத்து பேசுனாரு."

மகன் எழுந்து என் முகத்துக்கு நேரே வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அன்னிக்கி பேசாத வாயி இன்னிக்கி இன்னாத்துக்குப் பேசுது?" என்று கேட்டான்.

டாக்டர் சீட்டை அதன் மடிப்பிலேயே மடித்தார். மகனிடம் திருப்பிக் கொடுத்தார். "எரித்துவிட்டீர்கள். நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றி நான் என்ன எழுதுவது?" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மகளின் வண்டி வந்தபோது நான் கரை மேல் இருந்தேன். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே பழம்புடவை விரித்திருந்தாள். புகையைப் பார்த்ததும் வண்டிக்காரன் தானாகவே மாட்டை நிறுத்தினான். அவள் இறங்கவில்லை. அழவும் இல்லை. "டாக்டரு நேத்து வந்தாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. நான் நேத்து சொல்லல. இன்னிக்கித்தான் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் மேரி திறந்தது. நான் போய்க் குமாஸ்தாவிடம் சொன்னேன், மேசைக்கு முன்னால் ஆட்கள் நிற்கும்போதே. அவர் முகம் வெளுத்தது. என்னைப் பதிவேடுகள் இருக்கும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "பொய்க் கையெழுத்துன்னு எழுதித் தரப்போறியா? தா. அப்புறம் ஆறு வருஷமா நீ போட்டதெல்லாம்? அத்தினி புள்ளைங்களும் பொறக்கலன்னு எழுதட்டுமா? போடா, போயி புளி நிறு" என்றார். எழுத மறுத்துவிட்டார். எழுதினது எழுதினதுதான். அந்தப் பதிவேட்டில் மதகுக்காரர் பதின்மூன்றாம் தேதி விடியற்காலை செத்திருக்கிறார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

பாய் என்னை வேலையை விட்டு நிறுத்தினார். கோபமாக இல்லை. "நீ இருந்தா எனக்கு தூக்கம் வராது தம்பி" என்றார். நான் கரும்பாலையில் பாகு காய்ச்சும் வேலைக்குப் போனேன். அதிகம் பேச வேண்டியிராத வேலை.

அந்தக் கடைசி இரவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நோயே அவரைக் கொண்டுபோயிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பல வருஷம் நினைத்தேன். வேறு மாதிரியும் நினைத்திருக்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது என்பதும் என் விதிகளில் ஒன்றாகிவிட்டதால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

மற்ற விதிகள் இவை. கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்து இல்லை. இது ஊருக்கே தெரிந்தது. யாராவது தண்ணீர் கேட்டால், யார் தடுத்தாலும், காரணம் கேட்காமல் கொடுப்பது. இதனால் ஒரு முறை கரும்பாலையில், ஊரார் விலக்கி வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டு உதை வாங்கியிருக்கிறேன். சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்வது. இதுதான் எனக்குக் கடினம். இப்போதும் வியர்க்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒரு தேர்தலின்போது ஊரில் இல்லாதவர்கள் பெயருக்கெல்லாம் சாட்சி போடச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். மாட்டேன் என்று சொல்லி முடிக்க எனக்கு அரை நாழிகை ஆனது. அன்று என் கூரையில் கல் விழுந்தது. நான் நல்லவனாக இருப்பதற்காக இவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அந்த ஏரிக்கரையில் சீக்கிரம், சீக்கிரம் என்று சொன்ன குரல் எனக்குள் இன்னும் இருக்கிறது. அது மறுபடி பேசத் தொடங்கினால் அதைத் தடுக்க ஏதாவது வேண்டும்.

மதகுக்காரரின் மகனும் நானும் அதே ஊரில்தான் இருக்கிறோம். சந்தையில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். இருபது வருஷம் அப்படியே போனது. யுத்தம் முடிந்த வருஷம், கோடையில், அவர் கால் வீங்கிப் படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் ஆள் அனுப்பினார். போக மனமில்லை. மூன்றாம் தடவை ஆள் வந்தபோது போனேன்.

அதே கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தார். தலை நரைத்து உடம்பு ஒடுங்கியிருந்தது. மருமகளை வெளியே போகச் சொன்னார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீ தெனம் வந்து செத்த நேரம் குந்திட்டுப் போ" என்றார். "நீ வந்துபோய்க்கினு இருந்தா எழுத மாட்டானுங்க."

யார் என்று நான் கேட்கவில்லை. வாசலில் அவருடைய மகன் நாடி பார்க்கிறவரோடு பேசிக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் கேட்டது.

அன்றிலிருந்து ஆலை வேலை முடிந்ததும் போகிறேன். கட்டிலருகே உட்கார்ந்திருப்பேன். கேட்டபோது தண்ணீர் கொடுப்பேன். அவர் அந்த விடியற்காலையைப் பற்றிப் பேசியதில்லை. சில நாள் வாயைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் சொன்னால் நான் அன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். அது அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஜூலை பதினாலுக்காக மேரியை மூடும் நாள் நெருங்குகிறது. நேற்று அவருடைய மகன் வாசற்படியில் என்னை நிறுத்தினான். வேலைக்குப் போகிற இளைஞன், மரியாதையான பிள்ளை.

"மாமா, நீங்க இன்னும் எத்தினி நாளிக்கி வருவீங்க?" என்று கேட்டான்.

"உங்கப்பா இருக்குற வரைக்கும்" என்றேன்.

அவன் கதவு நிலையில் கையை ஊன்றியபடி நின்றான். நகர்ந்து வழி விட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை நான் படியை விட்டு இறங்கவில்லை.